ஹங்கேரிச் சாட்சிகளின் பெயர்ப் பட்டியல்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹங்கேரி மக்களின் 1956ஆம் ஆண்டு எழுச்சி பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான கட்டுரை, ஒக்ரோபர் 23ஆம் திகதி புடாபெஸ்ட் மாணவர்களின் ஊர்வலத்தில் தொடங்கி, நவம்பர் 4ஆம் திகதி விடியற்காலையில் சோவியத் டாங்கிகள் நகரைத் தாக்கியதோடு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு ஏறத்தாழ 200,000 பேர் எல்லை கடந்து ஓடினார்கள் என்பதையும், அவர்களுள் சிலர் தாம் கண்டதை உலகத்தின் முன் சொன்னார்கள் என்பதையும் கட்டுரையாளர் தொடவேயில்லை. வன்னியில் இருந்து வாசிக்கும் எங்களுக்கு வேண்டியது அந்தப் பகுதிதான்.

1957 ஜனவரியில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அமைத்த ஐந்து நாடுகளின் விசாரணைக் குழுவில் இலங்கையும் ஓர் உறுப்பு நாடு. முந்திய ஆண்டில்தான் தனிச் சிங்களச் சட்டத்தை நிறைவேற்றியிருந்த அதே இலங்கை, ஆர். எஸ். எஸ். குணவர்தனவை அக்குழுவுக்கு அனுப்பியது. ஹங்கேரி அரசு நாட்டுக்குள் நுழைய அனுமதி மறுத்ததால், குழு நியூயோர்க், ஜெனீவா, ரோம், வியன்னா, லண்டன் ஆகிய நகரங்களில் 111 பேரின் சாட்சியங்களைக் கேட்டது. நடந்தது வெளியார் தூண்டிய சதியன்று, மக்கள் தாமாகவே எழுந்த தேசிய எழுச்சி என்று அதே ஆண்டு யூன் மாதம் அறிக்கை வெளிவந்தது.

சாட்சி சொன்னவர்களில் பெரும்பாலானோர் தங்கள் பெயர் வெளிவரக்கூடாது என்று கேட்டிருந்தனர்; அவர்களின் பெற்றோரும் பிள்ளைகளும் இன்னும் ஹங்கேரியில் இருந்தார்கள். குழுவின் துணைச் செயலாளராக இருந்த டென்மார்க்கைச் சேர்ந்த போவுல் பாங்-யென்சன், பெயர்களை எவரிடமும் கொடுப்பதில்லை என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்தார். மேலதிகாரிகள் பட்டியலைக் கேட்டபோதும் அவர் அசையவில்லை. ஈற்றில் 1958 ஜனவரியில், ஐ.நா. கட்டடத்தின் மொட்டைமாடியில் வைத்து அந்தத் தாள்கள் எரிக்கப்பட்டன. அவர் அவ்வாண்டிலேயே வேலையை இழந்தார்.

என் அக்கா, காணாமலாக்கப்பட்ட தன் மகனுக்காக ஒரு விசாரணைக் குழுவின் முன் சாட்சி சொன்னவர். மகனின் அடையாள அட்டைப் பிரதியைப் பொலித்தீன் உறையில் இட்டு மடியில் வைத்தபடி, காலை தொடக்கம் பின்னேரம் வரை அந்த மண்டபத்தில் காத்திருந்தார். அடுத்த கிழமையே, முன்பின் அறியாத இருவர் வீட்டுப் படலையடியில் வந்து நின்று, அவர் உள்ளே சொன்ன சொற்களையே திருப்பிச் சொல்லி விசாரித்தார்கள். அதன் பிறகு எந்தக் குழு வந்தாலும் அவர் போவதில்லை. கண்ணீரோடு பேசத் தயாராக இருந்த ஒரு தாயை வாய்மூடச் செய்தது, அவருடைய சொல்லைக் காப்பாற்ற அங்கே ஒருவரும் இல்லாமற் போனதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே, ஹங்கேரி விசாரணையைப் பற்றியும் பாங்-யென்சனைப் பற்றியும் தனியாக ஒரு கட்டுரை வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அத்துடன், சாட்சி சொல்லிவிட்டு வெளியே வரும் தாய்மாரின் படத்தையும் முழுப்பெயரையும் ஊரையும் அச்சிடுமுன், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுமாறு தங்கள் நிருபர்களுக்கு அறிவுறுத்துங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
ஒட்டுசுட்டான்.
(அக்காவின் பொருட்டு என் பெயரை வெளியிடாதிருக்க வேண்டுகிறேன்.)