மண்டபத்தில் பெண்களும் உட்காரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கட்டப் பஞ்சாயத்து பற்றி உங்கள் நாளிதழில் வந்த கடிதங்களைப் படித்தேன். ஊரார் உட்கார்ந்து பேசுவதையே ஒழிக்க வேண்டும் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வயல். பக்கத்து வயல்காரர் வருஷா வருஷம் வரப்பைச் சீவிச் சீவி, கடைசியில் ஒற்றைக் கால் வைக்கத்தான் இடம் இருந்தது. கோர்ட்டில் ஒன்பது வருஷம் வாய்தா. அப்புறம் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, முழங்கை ஆழத்தில் புதைந்து கிடந்த சர்வே கல்லைத் தடவி எடுத்தார்கள். அன்று சாயங்காலமே அந்தப் பக்கத்து வயல்காரரே மண் வெட்டிப் போட்டு வரப்பைக் கட்டிக் கொடுத்தார்.

ஆனால் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசும் மண்டபத்தில் என் அத்தையின் ஜீவனாம்சம் பேசப்பட்டபோது அத்தை வெளியே தூணோரம் நின்றார். யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கிழக்கு நேபாளத்து லிம்பு மக்களிடமும் ஊர்ப் பெரியவர்கள் பேசித் தகராறு தீர்க்கும் வழக்கம் உண்டு. முன்பு அங்கே கிபட் என்ற முறையில் நிலம் குலத்துக்குச் சொந்தம், வெளியாளுக்கு விற்கக் கூடாது. சுப்பா என்ற ஊர்த்தலைவர் வரியும் வசூலிப்பார், சில்லறைத் தகராறுகளையும் தீர்ப்பார், கொலை மாதிரி பெருங்குற்றம் அரசிடம் போய்விடும். 1960-களில் வந்த நிலச் சட்டங்களால் கிபட் போனது, சுப்பாவின் அதிகாரமும் கரைந்தது. ஆனாலும் தும்யாஹாங் எனப்படும் பெரியவர்களைக் கூப்பிட்டுப் பேசுவது அங்கே விட்டுப்போகவில்லை. நேபாளத்தின் 2015 அரசியல் சட்டமோ ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் மூன்று பேர் கொண்ட நீதிக் குழுவை வைத்து, அதைத் துணைத் தலைவரிடம் கொடுத்தது. 2017 தேர்தலில் ஜெயித்த துணைத் தலைவர்களில் பெரும்பாலோர் பெண்கள்!

ஊர்விலக்கு, சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்களைத் தண்டிப்பது, இந்தக் கொடுமைகளைத்தான் 2011-ல் உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது, அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. வரப்பு, மடை, பங்காளிக் கடன் வேறு. இவற்றுக்கு எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் எடுத்து, ஒரு பெண்ணின் தலைமையில் ஊராட்சிதோறும் சமரசக் குழு வையுங்கள். இரு தரப்பும் ஒத்துக்கொண்டதை லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் பதிந்தால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது.

மேட்டூர் தண்ணீர் கடைமடைக்கு வந்ததும் மடைச் சண்டையும் வந்துவிடும். அதற்குள் திருவாரூர் மாவட்டத்தில் ஒரு ஊராட்சியிலாவது தொடங்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி, மன்னார்குடி வட்டம்