நம்ம ஊர்ல சீசனே இல்லைன்னு யாரு சொன்னா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல வந்த பிரெஞ்சு ஓவியர் மோனே பத்தின கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன், அதுல வைக்கோல் போர் படம் ஒண்ணு போட்டிருந்தீங்களே அத கத்தரிச்சு சுவத்துல ஒட்டியும் வச்சுட்டேன். நல்லா எழுதியிருந்தாங்க, கொற சொல்ல வரல. ஆனா கடைசில ஒரு இடம் வருது பாருங்க, அங்கல்லாம் நாலு பருவமும் கண்ணு முன்னால மாறுது, இலை பழுக்குது, பனி கொட்டுது, ஓவியனுக்கு தீனிக்கு பஞ்சமில்ல, நம்மூர்ல வருஷம் பூரா ஒரே வெயில் அவன் எதப் பாத்து வரைவான்னு. அத படிக்கறப்ப காப்பி தொண்டையிலயே நின்னுடுச்சு. அதுக்குத்தான் இந்த லெட்டர்.

நான் மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். முப்பது வருஷம் போர்டு எழுதினவன், கடை போர்டு, லாரி பின்பக்கம், எலெக்‌ஷன் சுவரு எல்லாம். ஃப்ளெக்ஸ் வந்துச்சு, பொழப்பு போச்சு, அது ஊரறிஞ்ச கதை விடுங்க. நான் சொல்ல வந்தது என்னன்னா பருவம்னா என்னன்னு எனக்கு மொதல்ல சொல்லிக்குடுத்ததே பெயிண்ட் டப்பாதான். ஐப்பசி கார்த்திகைல எனாமல் அடிச்சா மறுநாள் தொட்டாலும் விரல்ல ஒட்டும், காஞ்சாலும் பளபளப்பு செத்து சாம்பல் பூத்த மாதிரி நிக்கும். ஆடில அடிச்சா காத்துல பறக்கற மண்ணு பூரா வந்து எழுத்து மேல உக்காந்து உப்புத்தாள் மாதிரி ஆயிடும், கடைக்காரர் கையால தடவி பாத்துட்டு காசு கொறைப்பாரு. கத்திரில டப்பாவ தொறந்து வச்சு ஒரு டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள மேல ஆடை கட்டிடும். மாசி பங்குனிதான் போர்டுக்காரனுக்கு தோதான மாசம். வருஷம் பூரா ஒரே வெயில்னு சொல்றவங்க கையில ஈர பிரஷ்ஷ வச்சுகிட்டு ஒரு நாள் வெளில நின்னு பாத்திருக்க மாட்டாங்க.

பொழப்பு போன பிறகு சும்மா உக்கார முடியாம பசங்க வாங்கற வாட்டர் கலர் பாக்ஸ் ஒண்ணு வாங்கினேன். எங்கயும் போகல, போக காசும் இல்ல. வீட்டு திண்ணைல உக்காந்தா எதிர்ல வாய்க்கால், கரைல ஒரு பூவரசு, அத ஒட்டி டீக்கடை கொட்டகை, அதுக்கு அந்தாண்ட வயல், அவ்வளவுதான் சீனரி. இத்தனை வருஷமா இதையேதான் போட்டுட்டிருக்கேன். எங்க வீட்டுல கேப்பாங்க, நேத்தும் அதே மரம் இன்னிக்கும் அதே மரமான்னு. அதே மரம் இல்ல, அதான் விஷயம். பூவரசம்பூ காலைல மஞ்சளா இருக்கும், வாட வாட செவந்து போகும், ஒரே நாள்ல ரெண்டு கலர் காட்டற மரத்த ஒரே மரம்னு எப்படி சொல்றது?

அந்த மோனேயும் எங்க போனாருன்னு நெனைக்கிறீங்க? 1883ல ஜிவர்னின்னு ஒரு கிராமத்துக்கு குடி வந்தாரு, 1926ல சாகற வரைக்கும் அதுதான் ஊரு. நடுவுல வேற ஊருக்கெல்லாம் போய் வரைஞ்சிருக்காரு, இல்லைன்னு சொல்லல, ஆனா இந்த போர் படமெல்லாம் வீட்டுக்கு பக்கத்து வயல்தான். 1890 கோடை கடைசில ஆரம்பிச்சு அடுத்த வருஷம் வரைக்கும் இருவத்தஞ்சு படம் கிட்ட போட்டிருக்காரு. மொதல்ல ரெண்டே கேன்வாஸ் போதும், ஒண்ணு வெயிலுக்கு ஒண்ணு மப்புக்குன்னுதான் நெனச்சாராம், ஆனா வெளிச்சம் மாறிகிட்டே இருந்ததால இன்னொண்ணு எடுத்தா இன்னொண்ணு எடுத்தான்னு வளத்த பொண்ண வீட்டுக்கு ஓட விட்டதா சொல்வாங்க. 1891 மே மாசம் பாரிஸ்ல அதுல பதினஞ்சு படத்த வரிசையா மாட்டினாங்க. பனியும் பழுத்த இலையும் அங்க இருந்துச்சு சரி, ஆனா அந்த ஊர்ல இருந்த எல்லாரும் அதே போரத்தான் தெனம் தாண்டி போனாங்க, இவரு நின்னு பாத்தாரு.

ஒரு சின்ன திருத்தம், கோச்சுக்காதீங்க. படத்துக்கு கீழ வைக்கோல் போர்னு போட்டிருந்தீங்க. அவர் வரைஞ்சது கதிரடிக்காத கோதுமைக் கட்டு, மிஷின் வர்ற வரைக்கும் தானியத்தோட அடுக்கி மேல கூரை மாதிரி மூடி வைப்பாங்க. நம்ம போர் நெல்ல அடிச்சு எடுத்துட்டு மிச்ச வைக்கோல மாட்டுக்கு போடறது. விவசாயி வீட்டுல பொறந்ததால இது கண்ண உறுத்துச்சு, வேற ஒண்ணுமில்ல.

இப்ப எங்க வாய்க்கால் கதைக்கு வரேன். மேட்டூர் தொறக்கற நாள் ஜூன் 12, சில வருஷம் அந்த தேதிக்கு தொறப்பாங்க சில வருஷம் இல்ல. தொறந்தாலும் கடைமடைக்கு தண்ணி வர நாளாகும். மொத தண்ணி வர்றத நீங்க பாத்திருக்கீங்களா, அது நீலமும் இல்ல பச்சையும் இல்ல, டீயில பால் கொறைச்சு ஊத்தின கலரு, முன்னாடி சருகு, பாட்டில், செருப்புன்னு எல்லாத்தையும் தள்ளிகிட்டு நொரையோட வரும், பின்னாடியே பசங்க ஓடி வருவாங்க. அதுக்கு அப்புறம் நாத்தங்கால். அந்த பச்சைய நான் இன்னும் சரியா புடிக்கல. டப்பாவுல இருக்கற பச்சை எதுவும் சேராது, லெமன் மஞ்சள எடுத்து அதுல சாப் கிரீன் ஒரே ஒரு துளி, அப்பவும் பேப்பர் வெள்ளை உள்ளேந்து தெரிஞ்சாதான் கிட்ட வருது. நட்டு வேர் புடிச்சா வேற பச்சை, தண்டு உருளும்போது கருக்கும், கதிர் வந்து பால் புடிக்கறப்ப மேல ஒரு வெளிறல் வரும், அப்புறம் மஞ்ச ஏறும். ஒரே வயல்ல நாலஞ்சு மாசத்துல இத்தனை நடக்குது, இதுக்கு மேல என்ன சீசன் வேணும்.

மழைக்காலத்துல பேப்பரே ஈரமா இருக்கும், ஒரு கோடு போட்டா அது பாட்டுக்கு பரவி வேற எங்கயோ போய் நிக்கும். மொதல்ல எரிச்சல் வந்து நிறைய கிழிச்சு போட்டேன், டீக்கடை அடுப்புகிட்ட கொண்டு போய் காட்டி காய வச்சதுல ரெண்டு கருகியும் போச்சு. அப்புறம்தான் வெளில பாத்தா மழைல மரமும் அப்படித்தான் ஓரம் கலங்கி நிக்குது, நான் ஏன் கோடு கோடுன்னு அடிச்சுக்கறேன்னு விட்டுட்டேன். அந்த மேக சாம்பலுக்கு கருப்பு தொட மாட்டேன், அல்ட்ராமரைன் நீலமும் பர்ண்ட் சியன்னாங்கற செம்பழுப்பும் கலந்தாலே வந்துரும். கத்திரில இதுக்கு நேர் எதிர், வானத்துக்கு கலர் இழுத்துகிட்டே போனா அந்த ஓரம் போறதுக்குள்ள இந்த ஓரம் காஞ்சு கோடு விழுந்துரும், பேப்பர் பின்னாடியும் நனைச்சு ஒட்டிதான் வேலை செய்யணும். வெயிலும் மழையும் படத்துக்குள்ள இப்படித்தான் வருது, நாம வரவழைக்க வேண்டியதில்ல.

மார்கழில டீக்கடை புகையும் பனியும் ஒண்ணா கலந்து எது எதுன்னு தெரியாது. தைல அறுப்பு. இலை பழுக்கறது பத்தி எழுதியிருந்தாங்க இல்ல, தை மாசி வாக்குல நாட்டு வாதுமை மரத்த ஒரு தடவ அண்ணாந்து பாக்க சொல்லுங்க, அப்படி ஒரு செவப்பு. பங்குனில அரச மரம் துளிர் விட்டா செம்பு தகடு மாதிரி மினுங்கும், வேம்பு பூ கொட்டி திண்ணையெல்லாம் பொரி தூவின மாதிரி கெடக்கும், அத கூட்டித்தான் சித்திரை ஒண்ணாந்தேதி பச்சடிக்கு எடுத்து வைப்பாங்க. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில்னு ஆறு பெரும்பொழுது ஸ்கூல்ல ஒப்பிச்சோமே, மார்க் வாங்கினதோட மறந்துட்டோம், நாலு பருவம்ங்கறவங்கள பாத்து வேற பொறாமப்படறோம்.

2018 நவம்பர் 15 ராத்திரி, விடிஞ்சா 16, கஜா புயல். காலைல எழுந்து பாத்தா வயலுக்கு பின்னாடி இருந்த தென்னந்தோப்பு பூரா படுத்து கெடக்கு. அந்த தோப்புக்காரர் தலைல கைய வச்சு உக்காந்திருந்தாரு. அன்னிக்கு நான் வரையல, ஒரு மாசம் பிரஷ் தொடல. அப்புறம் உக்காந்தப்போ பேப்பர்ல பாதி வானமா இருந்துச்சு, அதுக்கு முன்னாடி என் படத்துல அவ்வளவு வானம் இருந்ததே இல்ல. இப்ப வச்ச கன்னு வளந்து மறுபடி கொஞ்சம் கொஞ்சமா மறைக்குது. வருஷா வருஷம் எடுத்து வரிசையா வச்சா அது ஏறி வர்றது தெரியுது.

அதே மாதிரி போரும் போச்சு. இப்ப மிஷின் அறுப்பு, அறுத்து முடிச்ச ஒடனே இன்னொரு மிஷின் வந்து வைக்கோல உருட்டி கட்டி போட்டுட்டு போயிடுது, லாரில ஏத்தி எங்கயோ போகுது. வயல்ல உருளை உருளையா கெடக்கறத பாத்தா மொதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சு, பழசத்தான் வரைவேன்னு ரெண்டு வருஷம் நினைவுலேந்து போர் போட்டேன், ஒண்ணும் சரியா வரல, கண்ணு முன்ன இல்லாதத போட்டா காலண்டர் படம் மாதிரிதான் ஆகுது. இப்ப உருளையத்தான் போடறேன். சாயங்கால வெயில்ல அதுக்கும் நீள நிழல் விழுது சார்.

இன்னொண்ணு. எங்க ஊர் ஸ்கூல்ல ஒரு டிராயிங் போட்டிக்கு கூப்டிருந்தாங்க, தலைப்பு இயற்கைக் காட்சி. நாப்பது புள்ளைங்க கிட்ட இருக்கும், முக்காவாசி பேர் போட்டது ரெண்டு மலை, நடுவுல சூரியன், மலைலேந்து ஒரு ஆறு, கரைல ஒரு குடிசை. நீங்களும் போட்டிருப்பீங்க. எங்க ஊர்லேந்து எந்த பக்கம் நடந்தாலும் மலை கண்ணுல படாது, தட்டு மாதிரி பூமி. ஜன்னலுக்கு வெளில சம்பா நிக்குது, புள்ளைங்க ஜன்னலுக்கு முதுக காட்டி உக்காந்து மலை போடுதுங்க. புள்ளைங்கள சொல்லி குத்தமில்ல, இயற்கைன்னு நாம காட்டறது எல்லாம் ஊட்டியும் சுவிட்சர்லாந்துமா இருந்தா அதுங்க என்ன பண்ணும், உங்க இணைப்புலயும் போன வருஷம் பூரா அட்டைல அதான் வந்துச்சு, நான் எடுத்து வச்சு எண்ணிப் பாத்துட்டுத்தான் எழுதறேன்.

அதனால கேக்கறேன், மாசத்துக்கு ஒரு வாரம் அந்த கடைசி பக்கத்துல அரை பக்கம் குடுங்க, அவங்கவங்க வீட்டு வாசல்ல நின்னா என்ன தெரியுதோ அத வாசகர்கள் வரைஞ்சு அனுப்பட்டும், கீழ ஊர் பேரும் மாசமும் மட்டும் போட்டா போதும். ராமநாதபுரத்து மாசியும் கூடலூர் மாசியும் பக்கத்து பக்கத்துல வந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சு பாருங்க.

இதோட என் படம் ரெண்டு வச்சிருக்கேன், ரெண்டும் அதே பூவரசு, ஒண்ணு பங்குனி ஒண்ணு ஐப்பசி. திருப்பி அனுப்ப வேண்டாம். ஐப்பசி படத்துல வலது ஓரம் புள்ளி புள்ளியா இருக்கறது நான் போட்டதில்ல, பேப்பர்ல பூஞ்சை பூத்தது, தொடச்சிடாதீங்க.

இப்படிக்கு,
பழைய போர்டு ஆர்ட்டிஸ்ட்,
மன்னார்குடி வட்டம்.