ஒரு கிதார், இரண்டரை ஆம்ப்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. சோம்பல் என்று நினைத்துவிடாதே. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே, “ரெண்டு ஆம்பையும் ஒண்ணா ஓடவிட்டா எப்படி இருக்கும்?” என்று, அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஆம்ப் என்றால் கிதார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்தானே, பரணிலிருந்து பழைய வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்பை இறக்கி (இடுப்பு இன்னும் என்னோடு பேசவில்லை) டிரான்சிஸ்டர் ஆம்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.

முதலில் கையில் கிடைத்த, ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிளைச் செருகினேன். சத்தம் வந்தது, ஆனால் கிதார்மேல் கம்பளி போர்த்தியதுபோல மங்கல். ஆம்பின் இன்புட் தடை பெரும்பாலும் 1 மெகா ஓம். இரண்டைச் சேர்த்தால் 500 கிலோ ஓம், மூன்றைச் சேர்த்தால் 333. தடை குறைந்தால் சுமை ஏறும். தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் நம் பிக்கப்போ நோஞ்சான். சுமை ஏறினால் முதலில் டிரெபிள் (கீச்சொலி)தான் சுருளும், இரண்டாவது கேபிளும் தன் பங்குக்கு உறிஞ்சும். பிக்கப்மேல் சுமை ஏறாமல் தாங்கும் பஃபர் உள்ள ஸ்பிளிட்டர் (சிக்னலைப் பிரிக்கும் பெட்டி) போட்டதும் தெளிந்துவிட்டது.

அப்புறம் ஹம் என்கிற இரைச்சல். இரண்டு ஆம்புக்கும் பிளக் வழியாக எர்த் இருக்கிறது. கேபிள்களின் ஷீல்டு (மேலுறையாக இருக்கும் உலோகப் பின்னல்) அவற்றை இன்னொரு வழியாகவும் கோர்த்துவிட, அந்த வளையத்தில் ஓடுகிற சின்ன மின்னோட்டம்தான் ‘ம்ம்ம்’ என்று கேட்கிறது. ஓர் ஆம்பின் எர்த்தைக் கழற்றிவிடச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னார். ஹம் போகும், உண்மைதான். உள்ளே ஏதாவது கோளாறு வந்தால் நாமும் போவோம்: தந்தி, அதைத் தாங்கும் பிரிட்ஜ், ஆம்பின் உடம்பு எல்லாம் ஒரே உலோகச் சங்கிலி, அதைப் பிடித்திருப்பது நம் கை. தயவுசெய்து நீ அதைச் செய்யாதே. ஓர் அவுட்புட்டை டிரான்ஸ்ஃபார்மர் வைத்துப் பிரித்த ஸ்பிளிட்டர் இருக்கிறது. ஷீல்டு தொடர்பு அங்கே அறுந்துவிடும், எர்த் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இவ்வளவும் முடித்து உட்கார்ந்து, கீழ் ஈ தந்தியை, அதாவது இருப்பதிலேயே தடித்ததை, தட்டினேன். இரண்டு ஆம்ப், ஆனால் ஒன்றைவிடச் சோனியான சத்தம்! அடிவயிறே இல்லை. வால்வு ஆம்பை அணைத்தால் பேஸ் திரும்பி வருகிறது, போட்டால் காணாமல் போகிறது. ஒரு மாலை முழுக்க, சத்தத்தை மாற்றும் பெடல்களைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், ஓர் ஆம்ப் சிக்னலைத் தலைகீழாக்கி அனுப்புகிறது. உள்ளே எத்தனை கட்டம் சிக்னலைப் புரட்டுகிறது என்பதைப் பொறுத்த விஷயம் அது. ஒன்றின் ஸ்பீக்கர் கோன் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கிறது. கீழ் ஈ சுமார் 82 ஹெர்ட்ஸ், அதன் அலை நாலு மீட்டருக்கும் மேல் நீளம். அரை மீட்டர் தள்ளி நிற்கிற இரண்டு ஸ்பீக்கர் அதற்கு ஒரே இடம் மாதிரிதான். அதனால் பேஸ் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு காணாமல் போகிறது, மேல் சுரங்கள் மட்டும் தப்பித்துக்கொள்கின்றன. ஆம்பை அணைத்துவிட்டு, ஒரு ஸ்பீக்கர் பெட்டியில் ஒயர் இரண்டையும் மாற்றிப் போட்டேன். மறுபடி அதே தந்தி. ஜன்னல் அதிர்ந்தது! (வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் மட்டும் ஓட்டிவிடாதே, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வெந்துவிடும்.)

சந்தோஷத்தில் ஒரு டிஜிட்டல் பெடலை ஒரு பக்கம் மட்டும் போட்டேன், மறுபடி ஏதோ கோணல். டிஜிட்டல் பெடல் சிக்னலைச் சற்றுத் தாமதமாக்கும். 2 மில்லி செகண்ட் தாமதம் என்றாலே அந்த ஆம்பை எழுபது சென்டிமீட்டர் பின்னால் தள்ளி வைத்த கணக்கு. 250 ஹெர்ட்ஸில் சத்தம் அமுங்கி ஒரு பள்ளம், 750-இல் இன்னொன்று, இப்படியே மேலே போகும். எனவே பெடல் ஸ்பிளிட்டருக்கு முன்னால் வந்தது.

சத்தம் இரட்டிப்பாகும் என்று எதிர்பார்க்காதே. சம அளவில் இன்னொன்று சேர்ந்தால் 3 முதல் 6 டெசிபல் கூடும். காது ‘இரண்டு மடங்கு’ என்று சொல்லச் சுமார் 10 வேண்டும். ஒரே மாதிரி ஆம்ப் இரண்டு வைப்பது எனக்கு வீண் வேலையாகப் படுகிறது. ஒன்று சுத்தமாக, ஒன்று கரகரப்பாக இருக்க வேண்டும். பிக் தந்தியில் படும் அந்த ‘டக்’ சுத்தமான ஆம்பில், இழுத்துக்கொண்டே போகிற நாதம் மற்றதில். சுத்தமானதைக் கொஞ்சம் குறைத்து வை, தனியாகக் கேட்கக் கூடாது, ஆனால் எடுத்தால் தெரிய வேண்டும். நாம் அந்தக் காலத்தில் ஏங்கிய ரோலண்ட் ஜேசி 120 (1975-இல் வந்தது) ஞாபகம் இருக்கிறதா? அதுவும் ஒரே பெட்டிக்குள் இரண்டு 60 வாட் ஆம்ப்தான். பலர் சேர்ந்து வாசிப்பதுபோலக் காட்டும் கோரஸ் போட்டால் ஒரு ஸ்பீக்கரில் நேர்ச் சத்தம், மற்றதில் சுருதி ஆடும் சத்தம். இரண்டும் கலப்பது காற்றில்.

மூன்றாவதாக மகளின் சின்னப் பயிற்சி ஆம்பையும் சேர்த்துப் பார்த்தேன். தேன்கூட்டைக் கலைத்த மாதிரி இருந்தது, அவளே வந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். ஸ்பிளிட்டரில் ஒரு ஓட்டை இப்போது காலியாக இருக்கிறது. அடுத்த முறை வரும்போது உன் ஆம்பைத் தூக்கிக்கொண்டு வா. என் இடுப்பை நம்பாதே, உள்ளே கொண்டுவருவதும் நீதான்.

அன்புடன்,
சேகர்