கேரவனை டைமிங் வண்டியாக்குமுன் வயரைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம்.

2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த தெருப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு, நம் ஊர்ப் பொட்டலிலும் ஓர் ஆட்டோகிராஸ் (கார்கள் ஒவ்வொன்றாக ஓடி, எடுத்த நேரத்தால் வெற்றி தீர்மானமாகும் பந்தயம்) வைத்தால் என்ன என்று நினைத்த கிளப்புகள் இருக்கும். தாராளமாக வைக்கலாம். ஆனால் சண்டை வந்தால் பெரும்பாலும் நேரத்தால்தான் வரும். இருங்காட்டுக்கோட்டை, செட்டிப்பாளையம் போன்ற நிரந்தரத் தடங்களில் கட்டடமும் கரண்ட்டும் உண்டு. காரில் மாட்டும், கோட்டைக் கடக்கும்போது சிக்னல் தரும் டிரான்ஸ்பாண்டர் கணக்குப் பார்த்துக்கொள்ளும். பொட்டலில் இருப்பது ஒரு பந்தலும் பிளாஸ்டிக் மேசையும். காற்றடித்தால் தாள் பறக்கும், வெயிலில் லேப்டாப் திரை தெரியாது, ஐந்து பேர் மேசையைச் சூழ்ந்துகொண்டு "அண்ணா, என் டைம் என்ன?" என்று கேட்டபடி நிற்பார்கள்.

பிரிட்டனில் இதற்காகவே பழைய மோட்டார்ஹோமை வாங்கி, நேரம் பதிபவர்கள் உட்காரும் டைமிங் வண்டியாக்கும் கிளப் தன்னார்வலர்கள் உண்டு. மோட்டார்ஹோம் நமக்கு அபூர்வம்; கேரவன் அப்படியல்ல. ஷூட்டிங்குக்கு ஓடித் தேய்ந்த கேரவனோ, பழைய டெம்போ டிராவலரோ, மினி பஸ்ஸோ, எதுவானாலும் போதும். அப்படி வண்டி தேடும் கிளப்புகளுக்காகவே இதை எழுதுகிறோம். பெயின்ட், ஸ்டிக்கர், ஏ.சி., பெரிய திரை என்று வேலையைத் தொடங்கினால் முதல் பந்தயத்திலேயே வண்டி படுத்துவிடும். முதல் பணம் பேட்டரிக்கும் வயருக்கும் போகட்டும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. அரசுத் துறை ஏலத்தில் மலிவாக வரும் பழைய ஆம்புலன்ஸைக் கண்டு மயங்க வேண்டாம். 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது; அவை இரும்புக் கடைக்குத்தான். தனியார் வண்டியைப் பார்க்கும்போது குளியலறைத் தரைக்குக் கீழேயும், கூரையில் ஏ.சி. உட்காரும் இடத்தைச் சுற்றியும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். தகடு பொடிந்தாலோ, உள் பிளைவுட் உப்பியிருந்தாலோ விலையைப் பேசவே வேண்டாம். டயரில் பட்டன் இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். பக்கச்சுவரில் உள்ள தேதிக் குறியின் நான்கு இலக்கம் 2316 என்றால் 2016ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செய்த டயர். நின்றே கெட்டுப்போன ரப்பர் நெடுஞ்சாலையில் வெடிக்கும்.

உள்ளே சோபா, கட்டில், பல்ப் வரிசை வைத்த மேக்கப் கண்ணாடி எல்லாம் போகலாம். 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் அரை டன்; 100 லிட்டர் தொட்டி ஒன்று வைத்துக்கொண்டால் போதும். கழிவறையை மட்டும் இடித்துவிடாதீர்கள். காலை ஆறு மணி முதல் மாலை வரை பொட்டலில் உட்காரும் பெண் தன்னார்வலர்களை நினைத்தால் இந்த வண்டியின் பெரிய வசதியே அதுதான். ஏனோ அதைத்தான் எல்லோரும் முதலில் பெயர்க்கிறார்கள்.

தடத்தைப் பார்க்கும் பக்கத்தில் நீளமான ஜன்னல் வெட்டி, அதன் கீழே 60 செ.மீ. அகலத்தில் மேசை போடுங்கள். மூன்று நாற்காலி: டைமரைப் பார்ப்பவர், தாளில் எழுதுபவர், முடிவுகளை வெளியிடுபவர். முடிவைக் கொடுக்க வண்டியின் பின்புறம் தனியாக ஒரு சின்ன ஜன்னல் வேண்டும். போட்டியாளர் எவரும் உள்ளே ஏறக் கூடாது. எழுதுபவரிடம் யாராவது பேச்சுக் கொடுத்தால் ஒரு காரின் நேரம் அடுத்த காரின் பேரில் ஏறிவிடும்.

இனி பேட்டரி. லேப்டாப் 65 வாட், இரண்டு மானிட்டர் 50, இரண்டு டி.சி. மின்விசிறி 40, எல்.இ.டி. விளக்கு 20, ரூட்டர், டைமர், ரசீது பிரிண்டர் சேர்த்து 25. மொத்தம் 200 வாட். ஒன்பது மணி நேரத்துக்கு 1,800 வாட்-மணி, இன்வெர்ட்டரில் போகும் நட்டத்தையும் சேர்த்தால் 2,100. 12 வோல்ட் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி ஏட்டுக் கணக்கில் 1,800 தரும். பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆக இரண்டு பேட்டரி வைத்தாலும் 1,800தான், 300 குறைகிறது. கூரையில் 330 வாட் சோலார் பேனல் ஒன்று போட்டால் நல்ல வெயிலில் ஒரு யூனிட்டுக்கு (1,000 வாட்-மணி) மேல் வரும், கணக்குச் சரியாகிவிடும். டியூபுலர் ஒன்றே ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும். பின் அச்சுக்கு நேர் மேலே, வெளியே காற்றுக்குழாய் விட்ட பெட்டியில் வையுங்கள். சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன் ஆட்கள் உட்காரும் இடத்தில் தேங்கக் கூடாது. பணம் இருந்தால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் போடலாம்; பாதி எடையில் முடிந்துவிடும்.

1,000 வி.ஏ. சைன்வேவ் இன்வெர்ட்டர் முழுச்சுமையில் 12 வோல்ட் பக்கம் 80 ஆம்பியர் வரை இழுக்கும். 25 சதுர மி.மீ. வயர் போட்டு, பேட்டரியிலிருந்து ஒரு அடிக்குள் 100 ஆம்பியர் ஃப்யூஸ் வைக்க வேண்டும். ஃப்யூஸை இன்வெர்ட்டர் பக்கம் வைப்பவர்கள் உண்டு. நடுவில் வயர் தேய்ந்து பாடியைத் தொட்டால் அந்த ஃப்யூஸால் ஒரு பயனும் இல்லை. என்ஜின் பேட்டரியையும் இந்தப் பேட்டரியையும் நேராக இணைத்துவிடவும் கூடாது. நடுவில், என்ஜின் ஓடும்போது மட்டும் இரண்டையும் இணைக்கும் ஐசொலேட்டர் ரிலே வேண்டும். இல்லையென்றால் சாயங்காலம் பரிசளிப்பு முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து வண்டியைத் தள்ள வேண்டியதுதான். லேசர் பிரிண்டரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்; சூடேறும் ஒவ்வொரு முறையும் 800 வாட்டுக்கு மேல் இழுத்து இன்வெர்ட்டரை டிரிப் ஆக்கும்.

ஏ.சி. வேண்டுமென்றால் ஜெனரேட்டரில் ஓடட்டும். டைமிங் சாமான் ஒன்றைக்கூட அதில் மாட்டாதீர்கள். கம்ப்ரஸர் கிளம்பும்போது வோல்டேஜ் சரியும். அந்த நொடியில் ஒரு கார் ஃபினிஷ் கோட்டில் இருக்கலாம். ஜெனரேட்டர் புகை வண்டிக்குள் வராதபடி காற்றுக்குக் கீழ்ப்பக்கம் தள்ளி வையுங்கள்.

அதிகம் பிழை நடப்பது கேபிளில். ஸ்டார்ட்டிலிருந்து வண்டி வரை ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 0.5 மி.மீ. செம்புக் கம்பியுள்ள டெலிபோன் ஜோடி வயருக்குப் போக வர 176 ஓம் தடை. ஸ்டார்ட் பீமுக்கு (கார் குறுக்கே போய் ஒளிக்கதிரை வெட்டியதும் டைமருக்குச் சிக்னல் தரும் கருவி) வண்டியிலிருந்தே கரண்ட் அனுப்பினால், 50 மில்லி ஆம்பியர் ஓடினாலும் வழியிலேயே 8.8 வோல்ட் போய்விடும். 12 வோல்ட் புறப்பட்டு 3 வோல்ட்டாகப் போய்ச் சேரும். வீட்டு முற்றத்தில் இருபது மீட்டர் வயரில் சோதித்தபோது ஓடிய பீம் மைதானத்தில் ஓடாததன் மர்மம் இதுதான். பீமுக்குப் பக்கத்திலேயே 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரி ஒன்றை வையுங்கள். ஜோடி வயர் சிக்னலை மட்டும் சுமக்கட்டும். காலையில் மறுமுனையில் இரண்டு கம்பியையும் ஒட்டவைத்து மல்டிமீட்டரில் பாருங்கள். 176 வர வேண்டிய இடத்தில் 90 வந்தால் பாதி வழியில் எங்கோ வயர் நசுங்கி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மீட்டரில் அளவே வராமல் எல்லை தாண்டினால் மாடு இழுத்திருக்கும், அல்லது யாரோ நாற்காலி போட்டு அறுத்திருப்பார்கள்.

கரண்ட்டுக்கும் சிக்னலுக்கும் ஒரே மாதிரி பிளக் போடவே கூடாது. அவசரத்தில் யாராவது 12 வோல்ட்டை டைமரின் சிக்னல் வாயில் சொருகுவார்கள், நிச்சயமாக. மைக் கேபிளுக்குப் போடும் மூன்று முள் எக்ஸ்எல்ஆர் சிக்னலுக்கு நன்றாக உழைக்கும். கரண்ட்டுக்கு வேறு ஜாதி பிளக் போடுங்கள். ஐப்பசி மழையில் இடி இடித்தால் கேபிளை வண்டியிலிருந்து கழற்றிவிட்டு ஓட்டத்தை நிறுத்துங்கள். ஒரு கிலோமீட்டர் வயர் நல்ல ஏரியல்.

கேபிளே வேண்டாம் என்பவர்கள் இரு முனையிலும் ஜி.பி.எஸ். துடிப்பில் ஓடும் கடிகாரம் வைக்கலாம். நேரம் அங்கங்கே பதிந்துவிடும். 865–868 மெகாஹெர்ட்ஸ் உரிமம் தேவையில்லாத அலைவரிசையில் அந்த நேரத்தின் எண் மட்டும் வந்து சேர்ந்தால் போதும், தாமதமாக வந்தாலும் பாதகமில்லை. ஆனால் "கார் கடந்தது" என்ற சிக்னலை ரேடியோவில் அனுப்பி, அது வந்து சேர்ந்த நேரத்தைப் பதிவது தவறு. வழியில் எத்தனை மில்லி செகண்ட் போனது என்று யாருக்கும் தெரியாது. லேப்டாப்பின் கடிகாரத்தையும் நம்பாதீர்கள். பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிசகும் சாதாரணக் குவார்ட்ஸ் 60 செகண்ட் ஓட்டத்தில் 1.2 மில்லி செகண்ட் தவறும், மூன்றாவது தசம இலக்கம் அங்கேயே பொய்யாகிவிடும். வெப்பத்துக்கு ஈடுகொடுக்கும் கிரிஸ்டல் உள்ள டைமர்தான் நேரத்தைப் பதிய வேண்டும், லேப்டாப் அதைக் காட்டினால் போதும்.

பீமை வண்டியின் மீது பொருத்தாதீர்கள். உள்ளே ஒருவர் எழுந்து நடந்தாலே வண்டி ஆடும். தரையில் 60 செ.மீ. இரும்புக் கம்பி அடித்து அதில் கட்டுங்கள். முக்காலி என்றால் மணல் மூட்டை தொங்கட்டும். புழுதி மைதானத்தில் கண்ணாடிப் பிரதிபலிப்பான் வைத்த பீமைவிட ஒரு பக்கம் அனுப்பி, மறுபக்கம் வாங்கும் ஜோடி பீம்தான் தாங்கும். வாங்கும் கண் மாலையில் மேற்கைப் பார்க்கக் கூடாது. நாலரை மணிக்கு மேல் வெயில் நேராக உள்ளே விழுந்து கண் குருடாகும், கார் போனதே அதற்குத் தெரியாது. முன்சக்கரமும் பின்சக்கரமும் தனித்தனியாக வெட்டும் என்பதால் ஒரு முறை வெட்டியதும் மூன்று செகண்ட் டைமர் காதைப் பொத்திக்கொள்ளும்படி செட் செய்யுங்கள். இரவோடு இரவாக எறும்பு குடியேறும்; காலையில் பெட்டியைத் திறந்து துடைக்காமல் தொடங்காதீர்கள்.

100 கி.மீ. வேகத்தில் கார் ஒரு மில்லி செகண்டில் 2.8 செ.மீ. நகர்கிறது. பம்பர் முன்டயருக்கு அரை மீட்டர் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு ஓட்டத்தில் பம்பரும் அடுத்த ஓட்டத்தில் குலுங்கி எழும்பியதால் டயரும் பீமை வெட்டினால் 18 மில்லி செகண்ட் வித்தியாசம் வரும். ஓட்டுநர் மேல் ஒரு குறையும் இல்லாமல் ஒரு கோப்பை கைமாறும் அளவு அது. உயரமான ஜீப்பின் பம்பருக்கு அடியிலேயே பீம் நுழைந்துவிடும். பிரிட்டிஷ் ஸ்பிரிண்ட் போட்டிகளில் காரின் முன்னால் 51 மி.மீ. அகலத்தில் கறுப்புப் பட்டை ஒன்றைச் செங்குத்தாக மாட்டச் சொல்வது இதனால்தான். அதன் அடி தரையிலிருந்து 200 மி.மீ.க்குள், உச்சி 460க்குக் குறையாமல். எந்தப் பட்டறையிலும் அரை மணியில் வெட்டிக் கொடுப்பார்கள். பீமை 300 மி.மீ. உயரத்தில் வைத்தால் எல்லாக் காரும் ஒரே இடத்தில் வெட்டும். ஃபினிஷில் ஒரு மீட்டர் தள்ளி இரண்டாவது பீம் ஒன்றைத் தனி டைமர், தனி பேட்டரியோடு வையுங்கள். முதல் பீம் தவறவிட்டால் மறு ஓட்டம் கொடுக்கத் தேவையிருக்காது. ஸ்டாப்வாட்ச் பிடித்த இருவர் அதற்கும் பின்னால் இருக்கட்டும். அவர்கள் நேரம் வெற்றியைத் தீர்மானிக்க அல்ல, டைமர் காட்டுவது அபத்தமா இல்லையா என்று பார்க்க.

வண்டியை ஃபினிஷ் கோட்டுக்கு நேராக, தடுப்புக்குப் பின்னால், வளைவின் வெளிப்பக்கமில்லாத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். நான்கு மூலையிலும் பலகை வைத்து ஜாக்கியில் ஏற்றிவிட்டால் ஆட்டம் குறையும். இரண்டு கிலோ கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் மேசைக்குக் கீழே இருக்கட்டும். பவுடர் அணைப்பான் கதவருகே. பவுடர் தீயையும் அணைக்கும், டைமரையும் தீர்த்துவிடும்.

கடைசியாக, சும்மா நிற்கும் கேரவனை ஏதாவது கிளப்புக்குக் கொடுக்க நினைக்கும் உரிமையாளர்களுக்கு. நல்ல மனசு. ஆனால் வண்டியோடு அசல் ஆர்.சி., கடன் முடிந்த சான்று, கடைசி எஃப்.சி. மூன்றும் வர வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஒப்புதலோடு ஆர்.சி.யில் ஏற வேண்டும். முன்பு கேரவனாக மாற்றியதே அதில் ஏறாமல் இருந்தால், இருக்கையை எடுத்து ஜன்னல் வெட்டிய வண்டியோடு அந்த அலுவலகத்தில் நின்று விளக்கம் சொல்ல வேண்டியவர் அதை வாங்கிய தன்னார்வலர். அதை முடித்துக் கொடுத்தால் பேட்டரி வாங்கிக் கொடுத்ததைவிடப் பெரிய உதவி.

இப்படிக்கு,
மோட்டார் பந்தய நேரக் கணிப்புத் தன்னார்வலர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.