கட்டியை எடுத்த பிறகும் ஸ்கேன் தொடர வேண்டும்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

வயிற்றில் கொழுப்புக் கட்டி வந்த குழந்தைகளின் பெற்றோர் நாங்கள். குழந்தை நன்றாகச் சாப்பிடுகிறது, அதுதான் தொப்பை போட்டிருக்கிறது என்றே எங்களில் பலரும் முதலில் நினைத்தோம். கை கால் மெலிந்திருக்க, வயிறு மட்டும் பெருத்துக்கொண்டே வந்தது. ஒருநாள் குளிப்பாட்டும்போது ஒரு பக்கம் மெத்தென்று கையில் தட்டுப்பட்டது. அழுத்திப் பார்த்தால் குழந்தை அழவில்லை, சிரித்தது. வலிக்காததால்தான் இந்தக் கட்டி இவ்வளவு பெரிதாகும் வரை தெரிவதில்லை.

இதன் பெயர் லிப்போபிளாஸ்டோமா. முதிராத கொழுப்புச் செல்கள் பெருகுவதால் வருவது. பெரும்பாலும் 3 வயதுக்குள். கை, கால், உடம்பில் தோலுக்குக் கீழேதான் அதிகம், வயிற்றுக்குள் அபூர்வம். புற்றுநோய் அல்ல, வேறு உறுப்புக்குப் பரவாது. ஆனால் வளர வளரக் குடலை நெருக்கும். சில குழந்தைகளுக்குக் குடலே முறுக்கிக்கொள்ளும். தாய் சாப்பிட்டது, பிள்ளைக்கு ஊட்டியது எதுவும் இதற்குக் காரணமில்லை.

அறுவை சிகிச்சைக்கு எப்படியோ பணம் புரட்டிவிடுகிறோம். உறவினர்களும் கைகொடுக்கிறார்கள். "சாதாரணக் கட்டிதான்" என்று ரிப்போர்ட் வந்ததும் எல்லோருக்கும் நிம்மதி. அப்புறம்தான் சிக்கல். அறுவையில் எடுபடாமல் கொஞ்சம் மிச்சம் ஒட்டியிருந்தாலும், சில சமயம் முழுசாக எடுத்த பிறகும், கட்டி திரும்ப வளரலாம். அதனால் சில ஆண்டுகள் விடாமல் ஸ்கேன் பார்க்க வேண்டும். 2 வயதுக் குழந்தை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் அசையாமல் படுக்குமா? பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அந்தச் செலவும் சேர்கிறது. "ஓடியாடி விளையாடுகிறதே, அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று தேதி தள்ளிப்போகிறது. அப்படித் தள்ளிப்போட்டவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறோம்.

இதற்காகத்தான் பொது நிதி ஒன்று தொடங்குகிறோம். முதல் செலவு தொடர் ஸ்கேனுக்கு. அடுத்தது மரபணுச் சோதனைக்கு: நுண்ணோக்கியில் பார்த்தும் கொழுப்புப் புற்றுநோயோ என்ற சந்தேகம் தீராதபோது, பி.எல்.ஏ.ஜி.1 (PLAG1) என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால், இது லிப்போபிளாஸ்டோமாதான் என்று பல நேரம் விடை சொல்லிவிடும். பணம் குடும்பத்தின் கைக்குப் போகாமல் நேராக ஸ்கேன் மையத்துக்கும் பரிசோதனைக் கூடத்துக்கும் போகும். நன்கொடைக்கு ரசீது உண்டு, கணக்கை யாரும் கேட்டுப் பார்க்கலாம்.

முடிந்ததைக் கொடுங்கள், சிறு தொகையானாலும் சரி. பணம் தர இயலாதவர்கள் ஸ்கேன் நாளன்று குடும்பத்தோடு வந்து உட்காருங்கள். மயக்கம் தெளிந்து குழந்தை கண் விழிக்கும் வரை அந்த வராந்தாவில் தனியாக இருப்பது மிகவும் கஷ்டம்.

இப்படிக்கு,
பெற்றோர் குழுவினர்