‘அம்மாக்கள் கவனத்துக்கு’ மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ‘அம்மாக்கள் கவனத்துக்கு’ என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். பிள்ளைகள் கீரையும் காயும் ஒதுக்குவதற்கு அம்மாக்களுக்குப் பொறுமை இல்லாததுதான் காரணம் என்று அதில் ஒரு வரி. மூன்று நாளாக அந்த வரி என்னை விடவில்லை. ‘அப்பா’ என்ற சொல்லைத் தேடி இரண்டு தடவை படித்தேன். ஓரிடத்திலும் இல்லை.

1984 முதல் 36 ஆண்டுகள் பாலக்கோடு பக்கம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் நான். 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று வந்தபோது, முதல் முட்டையைப் பிள்ளைகள் தட்டில் வைத்ததும் இந்தக் கைதான். பயறு போடும் நாளில் “எங்கப்பா இதெல்லாம் திங்கமாட்டாரு டீச்சர்” என்று தட்டோரம் ஒதுக்கிய பிள்ளைகளுக்குக் கணக்கே இல்லை. ‘எங்கம்மா திங்கமாட்டாங்க’ என்று ஒரு பிள்ளையும் சொன்னதில்லை. அம்மா என்ன சாப்பிடுகிறாள் என்று அவர்கள் பார்த்திருந்தால்தானே! எல்லாரும் கை கழுவிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து மிச்சத்தை வழித்துச் சாப்பிடுகிறவளை எந்தப் பிள்ளை பார்க்கும்?

என் வீட்டுக்காரர் முருங்கைக்கீரையைக் கண்டால் புறங்கையால் தட்டைத் தள்ளுவார். வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார். நாலு வயதில் என் மகன் அதே மாதிரி, அதே புறங்கையால் தள்ளினான். கடைந்து கொடுத்தேன், பருப்பில் மறைத்துக் கொடுத்தேன், திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்லி ஊட்டினேன். “புள்ளைக்கு ஊட்டத் தெரியல” என்றார் என் மாமியார். தன் மகனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து அதே பழியை உங்கள் பத்திரிகையில் அச்சில் பார்த்தால் மனசு எப்படி ஆறும், சொல்லுங்கள்.

என் அப்பா வேறு மாதிரி. காட்டிலிருந்து வந்ததும் எங்களைச் சுற்றி உட்காரவைத்துக்கொள்வார். கேழ்வரகுக் களி உருண்டையில் கட்டைவிரலால் குழி பண்ணி அவரைக்கொட்டைக் குழம்பை ஊற்றுவார். “மெல்லாத, அப்படியே முழுங்கு” என்று அவர் முழுங்கிக் காட்டுவார். நாங்களும் முழுங்குவோம். ‘உடம்புக்கு நல்லது’ என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்தக் களிதான் பிறகு கேவலமாகிவிட்டது. சம்பளக்காரர்களான எங்கள் ஊர் ஆண்கள் “ஜெயில்லதான் களி போடுவான்” என்று பிள்ளைகள் காதுபடவே பேசினார்கள். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச்சத்து. அரிசியில் பத்து இருந்தால் பெரிது. புளோரைடு தண்ணீர் குடித்துப் பல் கறுத்த பிள்ளைகளை இந்த மாவட்டத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். புளோரைடின் கெடுதலைக் குறைக்க உதவும் அந்தச் சுண்ணாம்புச்சத்தின் அருமையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2023இல் நம் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தர ஆரம்பித்தார்கள். அதை வாங்கிவந்து மாட்டுக்குக் காய்ச்சி ஊற்றும் வீடுகள் என் தெருவிலேயே உண்டு. கேட்டால், “அவரு தொடமாட்டாரு, அப்புறம் பசங்க எங்க தொடும்?” என்கிறார்கள் பெண்கள்.

என் மகனுக்கு இப்போது 41 வயது. ஓசூரில் வேலை. சர்க்கரை வந்து, டாக்டர் சொல்லி, ஒரு வருஷமாக ராத்திரியில் களியும் கீரைக் கடைசலும்தான். போன மாதம் அங்கே போயிருந்தேன். எட்டு வயதுப் பேத்தி அவன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, “எனக்கும் குழி பண்ணிக் குடுப்பா” என்றாள். கீரையையும் சேர்த்துத் தின்றாள். அவளுக்கு யாரும் ஊட்டவில்லை. என் மருமகள் அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள்; எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மகன் நாலு வயதில் இருந்தபோது என் வீட்டுக்காரர் ஒரே ஒரு கைக் கீரை தின்றிருக்கக் கூடாதா?

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை இப்படி எழுதும்போது தலைப்பில் அப்பாக்களையும் சேருங்கள். அதை மகளிர் பக்கத்தில் போடாமல், எங்கள் ஊர் ஆண்கள் டீக்கடையில் முதலில் புரட்டுகிற தக்காளி விலைப் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.