வில்லங்கச் சான்றில் உயில் இருக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

நீலகிரியில் குடும்ப வரலாறு தேடுவோர் பலர் வில்லங்கச் சான்றை மட்டும் பார்த்துவிட்டு, தாத்தா உயிலே எழுதவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். வில்லங்கச் சான்று, பதிவு அலுவலகத்தில் சொத்து ஆவணங்கள் பதிவாகும் 1-ஆம் புத்தகத்திலிருந்து வருவது. உயில் பதிவாவதோ 3-ஆம் புத்தகத்தில். எழுதியவர் இறந்த பிறகு நகல் கேட்டு யாரும் விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்றிதழைக் கையோடு கொண்டுபோங்கள்.

அந்தப் புத்தகத்தை நாமே புரட்ட முடியாது, பதிவு அலுவலர்தான் தேடித் தருவார். அதனால் தலைப்பெழுத்து, ஹட்டிப் (படகர் ஊர்) பெயர், பழைய எழுத்துக்கூட்டல் எல்லாவற்றையும் மனுவிலேயே எழுதிவிட வேண்டும். பெரும்பாலும் தேடல் தோற்பது இங்கேதான். உயிலைப் பதிவதே கட்டாயமில்லை. பதிய காலக்கெடுவும் கிடையாது, சொத்து இருக்கும் ஊரில்தான் பதிய வேண்டும் என்பதும் இல்லை. குன்னூரில் கிடைக்காவிட்டால் மேட்டுப்பாளையத்திலும் கோவையிலும் கேளுங்கள்.

நீதிமன்றக் கட்டுகள் இதைவிட வளமானவை. உயிலின்றி இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க அனுமதி கோரும் மனுவில், அவர் இறந்த நாள், இடம், உறவினர்களின் பெயர், வசிப்பிடம் எல்லாம் இருக்கும். அனுமதி கிடைத்த 6 மாதத்துக்குள் சொத்து, கடன் பட்டியலும் தாக்கலாக வேண்டும். 2002-க்கு முன் இந்தியக் கிறிஸ்தவர்கள் உயிலை நிலைநாட்டப் புரொபேட் (உயில் மெய்யானது என்ற நீதிமன்றச் சான்று) பெற வேண்டியிருந்ததால், அக்குடும்பங்கள் அவசியம் தேட வேண்டும்.

நீலகிரி தனி நிர்வாகமானது 1868-இல். அதற்கு முந்தையவற்றுக்கு முதலில் கோவை ஆவணங்களைப் பாருங்கள்.

மலை ஈரத்தில் காகிதம் பொடிகிறது. 3-ஆம் புத்தகத்தின் பழைய பெயர் அட்டவணைகளையாவது பதிவுத்துறை உடனே ஸ்கேன் செய்ய வேண்டும்.

- ஒரு வாசகர், குன்னூர்